தீவுகளுக்கு மூத்த பல்லிகள்

கலாபகஸ் தீவுகளுக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடு போகிறார்கள். ராட்சத ஆமை, நீலக்கால் பூபி, கடலில் மேயும் இகுவானா, பூமத்திய ரேகையில் வாழும் பென்குயின் என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு திரும்புவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பறக்க முடியாத நீர்க்காகம் ஏன் இரண்டே தீவுகளில் மட்டும் இருக்கிறது, அல்பட்ராஸ் ஏன் அநேகமாக ஒரே ஒரு தீவை விட்டு வேறெங்கும் முட்டையிட மாட்டேன் என்கிறது என்று கேட்க ஆரம்பித்தால் பறவைப் புத்தகம் பாதி வழியில் கையை விரித்துவிடும். மீதி பதில் காலுக்குக் கீழே, பாறையில் இருக்கிறது. என்னைக் கேட்டால், ஒவ்வொரு தீவிலும் இறங்கியதும் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதற்கு வயது என்ன?" என்பதுதான்.

ஈக்வடார் நாட்டுக் கரைக்கு மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் கிடக்கின்றன இந்தத் தீவுகள். பெரியவை 13. குட்டித் தீவுகளையும் தனிப் பாறைகளையும் சேர்த்தால் நூற்றைத் தாண்டும். இவை கண்டத்திலிருந்து உடைந்து வந்த துண்டுகள் அல்ல. எரிமலைக் குழம்பு கடலடியில் அடுக்கடுக்காக உறைந்து, ஒரு நாள் நீருக்கு மேலே தலைநீட்டியவை. தென் அமெரிக்காவோடு இவை ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. ஆகவே அங்கே இருக்கிற ஒவ்வோர் உயிரின் மூதாதையும் பறந்தோ, நீந்தியோ, மரக்கட்டையைப் பற்றி மிதந்தோ வந்து சேர்ந்ததுதான். அதற்குப் பிறகு வந்த ஆடு, எலி, பூனை வகையறாக்களை மனிதன் ஏற்றிக்கொண்டு வந்தான்.

பூமியின் ஆழத்திலிருந்து வழக்கத்துக்கு மிஞ்சிய சூடு மேலெழும் இடத்தை வெப்பப் புள்ளி என்கிறார்கள். கலாபகஸின் வெப்பப் புள்ளி இப்போது ஃபெர்னாண்டினா தீவுக்கு அருகில், தீவுக்கூட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அது பெரிதாக இடம் மாறுவதில்லை. அதன் மேலே உள்ள நாஸ்கா என்னும் நிலத்தட்டுதான் தென் அமெரிக்காவை நோக்கி, ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் நகர்கிறது. தையல் மெஷினில் ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்க, துணி நகர்ந்து போவதால் தையல் வரிசையாக விழுவதைப் போலத்தான் இங்கேயும். ஊசிக்குக் கீழே இருக்கும்வரை தீவு வளரும். நகர்ந்து போனதும் எரிமலை மெல்ல அடங்கும். அடியிலுள்ள தட்டு குளிர்ந்து கனத்துத் தாழ, தீவும் அதோடு சேர்ந்து தாழும். மேலே மழையும் அலையும் அரிக்கும்.

10 லட்சம் ஆண்டுகளுக்கு 50 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கோடியில் இருக்கும் ஃபெர்னாண்டினாவும் இசபெலாவும் 10 லட்சம் ஆண்டுக்கும் குறைவான வயதுடையவை. தென்கிழக்கில் இருக்கும் எஸ்பானியோலாவும் சான் கிறிஸ்டோபலும் 30, 40 லட்சம் ஆண்டு என்று சொல்லத்தக்க முதியவை. ஒரு வாரக் கப்பல் பயணத்தில் மேற்கிலிருந்து கிழக்கே போனால் ஒரு தீவின் பிறப்பு, இளமை, முதுமை மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

நமக்கும் இது அந்நியமான கதை அல்ல. இந்தியப் பெருங்கடலிலும் ஒரு வெப்பப் புள்ளி இருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அதன்மேல் நகர்ந்தபோது கொட்டிய குழம்புதான் தக்காணப் பீடபூமியின் கருங்கல் அடுக்கு. பிறகு லட்சத்தீவு, மாலத்தீவு, மொரிஷியஸ் என்று வரிசை நீண்டது. லட்சத்தீவின் பவளத் திட்டுகள் உட்கார்ந்திருப்பது மூழ்கிப்போன எரிமலைகளின் தலைமேல். அந்த வெப்பப் புள்ளி இன்று ரீயூனியன் தீவில் கனன்றுகொண்டிருக்கிறது. மொரிஷியஸிலும் ரீயூனியனிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் குடியிருப்பது இந்த வரிசையின் இளைய முனையில்தான்.

கலாபகஸுக்குத் திரும்புவோம். மேற்கே போகும் கப்பல் இசபெலாவின் வடமுனையைச் சுற்றி, பொலிவார் கால்வாய்க்குள் நுழைகிறது. ஒரு பக்கம் இசபெலா. ஆறு எரிமலைகள் தனித்தனியே வளர்ந்து, வழிந்த குழம்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தீவு. மற்ற தீவுகள் அத்தனையையும் கூட்டினாலும் இதன் பரப்புக்கு ஈடாகாது. அந்த ஆறில் ஒன்றான வுல்ஃப் 1,707 மீட்டர் உயரம். கலாபகஸின் உச்சி அதுதான். 2015-லும் 2022-லும் வெடித்தது. தெற்கே இருக்கும் சியரா நெக்ரா 2018-ல் வெடித்தது. கால்வாயின் மறுபக்கம் ஃபெர்னாண்டினா. ஒற்றை எரிமலை, ஊர் இல்லை, வீடு இல்லை. 1968-ல் அதன் வாய்க்குழியின் தரை ஒரு பகுதியில் 350 மீட்டர் வரை கீழே இறங்கியது. கடைசியாக 2024 மார்ச்சில் குழம்பு கக்கியது.

இங்கே எஸ்பினோசா முனையில் ரப்பர் படகிலிருந்து இறங்குகிறார்கள். அந்தப் படகை அங்கே 'பங்கா' என்பார்கள். ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது. விலங்கிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தடத்தை விட்டு விலகக் கூடாது. இறங்கியதும் காலடியில் கறுப்புத் தரை. குழம்பு நிதானமாக ஓடி உறைந்த இடத்தில் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக, மழமழவென்று இருக்கும். வேகமாகவும் கெட்டியாகவும் நகர்ந்த இடத்தில் அதே பாறை செருப்பின் அடியைக் கிழிக்கும் கூர்த் துண்டுகளாக உடைந்து கிடக்கும். மண் என்று ஒரு பிடி கிடையாது. அந்த வெடிப்புகளில் ஒரு கள்ளி மட்டும் விரலளவுத் தண்டுகளாகக் கொத்துக் கொத்தாக நிற்கிறது. புதுத் தண்டு மஞ்சள், நடுவயதுத் தண்டு பழுப்பு, கிழத் தண்டு சாம்பல் நிறம். உலகில் வேறெங்கும் இல்லாத பேரினம் இது. புதுக் குழம்புப் பாறையில் முதலில் குடியேறுகிறவர்களில் ஒருவர்.

கறுப்புப் பாறை அசைவதுபோல் தெரிந்தால் அது கடல் இகுவானா. நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சூரியனைப் பார்த்துக் கிடக்கும். உடம்பு 36 டிகிரி வரை சூடேறினால்தான் அதற்கு வேலை ஓடும். பிறகு கடலுக்குள் இறங்கி, பாறையில் நகங்களை ஊன்றிப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். குளிரில் உடல் விறைக்குமுன் கரையேறிவிட வேண்டும். கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் சில நிமிடங்களுக்கு ஒரு தரம் 'ப்ஸ்ஸ்' என்று மூக்கிலிருந்து ஒரு பீச்சல் வரும். அது தும்மல் இல்லை. பாசியோடு உள்ளே போன உப்பை மூக்கருகே உள்ள சுரப்பி பிரித்தெடுத்து வெளியே தள்ளுகிறது. அது தலையிலேயே விழுந்து காய்வதால்தான் ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளைப் பூச்சு. டார்வினுக்கு இந்தப் பிராணியைக் கண்டாலே பிடிக்கவில்லை. அவலட்சணம், மந்தம் என்று எழுதிவைத்தார். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை.

உலகத்தில் கடலில் இரைதேடும் பல்லி இது ஒன்றே. அதைவிட வியப்பான சங்கதி வேறு ஒன்று. எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடாகி, பாசி அழிந்து, இவை பட்டினி கிடக்கும். அப்போது உடல் மெலிவதோடு நில்லாமல் நீளமே குறைகிறது. 1997-98 எல் நினோவில் சில இகுவானாக்கள் 6.8 சென்டிமீட்டர் வரை, அதாவது உடல் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை, சுருங்கியதை ஆய்வாளர்கள் அளந்தார்கள். எலும்பும் சேர்ந்து குறுகினால்தான் இவ்வளவு சுருங்க முடியும். பாசி திரும்பியதும் மறுபடி வளர்ந்தன. வளர்ந்த முதுகெலும்புப் பிராணி ஒன்று நீளத்தில் சுருங்கி மீண்டும் நீள்வது அதற்குமுன் யாரும் பதிவு செய்யாதது.

இதே பாறையில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு நிற்கும். பார்த்தால் சிரிப்பு வரும். நம்மூர் ஏரிக் கரை நீர்க்காகத்தின் அதே தோரணை, ஆனால் சிறகு பறப்பதற்குத் தேவையான அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், பிய்ந்துபோன விசிறிபோல. நீர்க்காக இனங்களிலேயே எடை கூடியது இது. ஆண் பறவை கடலிலிருந்து திரும்பும்போதெல்லாம் கூட்டில் இருக்கும் பெட்டைக்குப் பாசிக் கொத்தோ நட்சத்திர மீனோ கொண்டுவந்து கொடுக்கும். இவை மொத்தமே ஓரிரு ஆயிரம்தான். ஃபெர்னாண்டினாவிலும் இசபெலாவின் வடக்கு, மேற்குக் கரைகளிலும் தவிர வேறெங்கும் கிடையாது.

ஏன் இங்கே மட்டும்? கடலுக்கு அடியில் பசிபிக்கின் குறுக்காக மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று இருக்கிறது. குரோம்வெல் நீரோட்டம் என்று பெயர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையில்லாமல் வந்து, கடலடியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் ஃபெர்னாண்டினா, இசபெலா எரிமலைகளின் மேற்குச் சரிவில் மோதுகிறது. போக வேறு வழியில்லாமல் மேலே ஏறுகிறது. அதோடு ஆழத்திலிருந்த சத்துகளும் ஏறிவருகின்றன. அதனால்தான் அங்கே பாசி செழிக்கிறது, மீன் குவிகிறது, நீருக்கும் பூமத்திய ரேகை என்ற நினைப்பே இல்லாத குளிர்ச்சி. பறக்காமல் கரையோரத்திலேயே மூழ்கி வயிறு நிரப்ப முடிகிற இடத்தில்தான் சிறகைக் கைவிட்ட பறவை பிழைக்கும். பென்குயினும் பெரும்பாலும் இங்கேயே இருப்பதற்கு இதுவே காரணம். அந்தச் சரிவு செங்குத்தாக நிற்பது எரிமலை இன்னும் இளமையாக இருப்பதால். ஆக, மீனும் பென்குயினும்கூட அந்த வெப்பப் புள்ளியின் தயவில்தான் வாழ்கின்றன. அந்தக் குளிர்நீர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது: 1982-83 எல் நினோவில் பென்குயின்களில் 77 சதவீதமும் நீர்க்காகங்களில் ஏறக்குறைய பாதியும் மாண்டன.

நெருடலான இடம் ஒன்று இனிமேல்தான் வருகிறது. பறக்காத நீர்க்காகம் தன் உறவினங்களிலிருந்து பிரிந்து சுமார் 20 லட்சம் ஆண்டு ஆகிறது என்று மரபணுக் கணக்கு சொல்கிறது. அது வாழும் தீவுகளுக்கோ 10 லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. கடல் இகுவானாவின் கணக்கு இன்னும் முரண்டு பிடிக்கிறது. கடல் இகுவானாவும் கலாபகஸின் தரை இகுவானாவும் பிரிந்தது சுமார் 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்று 2015-ல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. இன்று நீருக்கு மேலே இருக்கும் தீவுகளில் எதுவும் அவ்வளவு பழையது அல்ல. குடியிருப்பவர்கள் வீட்டைவிட மூத்தவர்கள் என்றால், முன்பு எங்கே குடியிருந்தார்கள்?

விடை கடலுக்கடியில் கிடைத்தது. தீவுக்கூட்டத்துக்குக் கிழக்கே, தென் அமெரிக்கா நோக்கிச் செல்லும் கார்னகி முகட்டில், மூழ்கிய மலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேலிருந்து ஆய்வுக் கப்பலில் வாரியெடுத்த கற்களில் உருண்டை உருண்டையான கூழாங்கற்கள் இருந்தன. ஆழ்கடலில் கல் உருளாது. அலை அடிக்கிற கரையில்தான் கல் உரசி உரசி உருண்டையாகும். அந்த மலைகள் ஒரு காலத்தில் கடற்கரையோடு கூடிய தீவுகளாக இருந்தன என்பதற்கு அதுவே அத்தாட்சி. டேவிட் கிறிஸ்டியும் உடன் ஆய்வாளர்களும் 1992-ல் இதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். குறைந்தது 90 லட்சம் ஆண்டுகளாக அந்தப் பகுதியில் ஏதாவது ஒரு தீவு நீருக்கு மேலே இருந்திருக்கிறது. பழையது மூழ்குமுன் மேற்கே புதியது எழுந்துவிடும். இகுவானாக்கள் தலைமுறை தலைமுறையாக ஜாகை மாற்றிக்கொண்டே மேற்கே நகர்ந்திருக்கின்றன.

ஆமைகளின் மரபணுவிலும் இதே திசை தெரிகிறது. அவற்றின் முன்னோர் முதலில் கிழக்கின் பழைய தீவுகளில் கரையேறி, பிறகு ஒவ்வொன்றாக மேற்கே பரவினார்கள். ஆமை கடலைத் தாண்டுமா என்று கேட்கலாம். 2004-ல் இந்தியப் பெருங்கடலின் அல்டாப்ரா வகை ராட்சத ஆமை ஒன்று, கால்களில் கொட்டலசுகள் ஒட்டியபடி, தான்சானியக் கரையில் உயிரோடு நடந்து ஏறியது. ராட்சத ஆமை மூழ்காது, கழுத்தை நீட்டி மூச்சுவிடும், மாதக்கணக்கில் தீனியின்றி இருக்கும். அந்தக் கடைசி குணம்தான் பிற்பாடு அதற்கு எமனாயிற்று. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இவற்றை உயிருள்ள இறைச்சியாகக் கப்பலடியில் அடுக்கிக்கொண்டு போயின. ஒரு லட்சத்துக்கும் மேல் அப்படிப் போயிருக்கும் என்பது மதிப்பீடு.

இசபெலாவின் அல்செடோ எரிமலையில் கலாபகஸிலேயே பெரிய ஆமைக் கூட்டம் வாழ்கிறது. ஆயிரக்கணக்கில் இருந்தும் அவற்றின் மரபணு வேறுபாடு மட்டும் பக்கத்து எரிமலைக் கூட்டங்களைவிட மிகக் குறைவு. 2003-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அதற்குக் காரணம் சொன்னது. சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் அல்செடோ பயங்கரமாக வெடித்து, சரிவு முழுவதையும் சாம்பலால் மூடியது. தப்பிய ஒரு சிலவற்றிலிருந்து பெருகியவைதான் இன்றைய அத்தனையும். எப்போதோ நடந்த வெடிப்பை ஆமையின் ரத்தச் சொட்டில் படிக்க முடிகிறது.

நடுவயதுத் தீவுகளை வேகமாகக் கடந்துவிடலாம், கூட்டமும் அங்கேதான். சான்டியாகோவின் சல்லிவன் விரிகுடாவில் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஓடிய குழம்பு நேற்று உறைந்ததுபோல் கிடக்கிறது. எதிரே பர்த்தலோமே தீவின் மரப்படிகளில் ஏறினால் எல்லாப் புத்தக அட்டையிலும் இருக்கிற காட்சி. டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவைக் கப்பல் ஒட்டிப் போகும். சாதாரணப் பயணிகளை அங்கே இறக்குவதில்லை. பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதி 1973 முதல் 40 ஆண்டுகள் ஃபிஞ்ச் குருவிகளின் அலகை அளந்தது அங்கேதான். 1977-ல் மழை பொய்த்து, சின்ன விதைகள் தீர்ந்து, பெரிய கடின விதைகள் மட்டும் மிஞ்சின. பருத்த அலகுக் குருவிகள் அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் அலகு சராசரியாக அரை மில்லிமீட்டர் பருத்திருந்தது. பரிணாமம் லட்சம் ஆண்டு கேட்கும் என்று நினைத்திருந்த டார்வின் இதைப் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்.

கடைசியில் எஸ்பானியோலா. எரிமலை என்று சொன்னால்தான் தெரியும். தேய்ந்து, தாழ்ந்து, உச்சியே 200 மீட்டர் சொச்சம்தான். இந்தத் தாழ்வு வெறும் காட்சியல்ல. உயரமான தீவுகளின் மேட்டுநிலம் மூடுபனியைத் தடுத்து ஈரம் வாங்கும். அங்கே புல் மண்டும். ஆமையின் ஓடு கவிந்த குமிழாக இருக்கும். எஸ்பானியோலாவுக்குப் பனியைப் பிடிக்க உயரமில்லை. தரை வறண்டது, தின்னக் கிடைப்பது உயரத்திலுள்ள சப்பாத்திக் கள்ளி. ஆகவே அங்குள்ள ஆமையின் ஓடு முன்பக்கம் சேணம்போல் தூக்கி வளைந்து, கழுத்தை மேலே நீட்ட வழிவிடுகிறது. தீவின் வயது உயரத்தைத் தீர்மானிக்க, உயரம் மழையைத் தீர்மானிக்க, மழை ஓட்டின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது.

இந்த எஸ்பானியோலா ஆமைகள் ஒரு கட்டத்தில் 12 பெண், 2 ஆண் என்ற நிலைக்கு வந்துவிட்டன. அமெரிக்காவின் சான் டியேகோ உயிரியல் பூங்காவிலிருந்து மூன்றாவதாக ஓர் ஆணைக் கொண்டுவந்தார்கள், பெயர் டியேகோ. சான்டா குரூஸ் தீவில் வைத்துப் பெருக்கியதில் வளர்ந்த கிட்டத்தட்ட 2,000 ஆமைகள் சொந்தத் தீவுக்குத் திரும்பின. அவற்றில் சுமார் 40 சதவீதம் டியேகோவின் வாரிசுகள். 2020-ல் அந்த 15 முதியவர்களையும் தீவிலேயே கொண்டுபோய் விட்டார்கள். எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. பின்டா தீவின் கடைசி ஆமையான ஜார்ஜ் 2012 ஜூன் 24-ல் இறந்தது. ஃபெர்னாண்டினாவின் ஆமை 1906-க்குப் பிறகு அழிந்தே போனது என்று நம்பியிருக்க, 2019-ல் குழம்புப் பாறைகளுக்கு நடுவே ஒரு பச்சைத் திட்டில் ஒரே ஒரு பெண் ஆமை கிடைத்தது. அதற்கு ஒரு துணையைத் தேடும் வேலை நின்றபாடில்லை.

தீவுகள் மூழ்குவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அது நிலத்தட்டு ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் நகரும் வேகத்தில் நடக்கிற சங்கதி. உயிர்கள் அந்த வேகத்துக்குப் பழகியவை. ஆட்டின் வேகம் வேறு. அல்செடோவில் ஆடுகள் பெருகி மரங்களைத் தின்று தீர்த்தபோது, மூடுபனி இலைகளில் திரண்டு சொட்டித் தேங்கும் குட்டைகளும் வற்றின. ஆமைகளுக்கு நீரில்லாமல் போனது. 2006 வரை நடந்த பெரும் முயற்சியில் இசபெலா, சான்டியாகோ தீவுகளிலிருந்து 1.4 லட்சத்துக்கும் அதிகமான ஆடுகளை ஒழித்தார்கள். இப்போது தீவுகளில் 28,000-க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பயணிகள் வருகிறார்கள். 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டவருக்கான தேசியப் பூங்காக் கட்டணத்தை 100 டாலரிலிருந்து 200 டாலராக்கிவிட்டார்கள். சரியான முடிவு என்றே சொல்வேன்.

போக வாய்ப்பிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கைந்து நாள் பயணங்கள் பெரும்பாலும் நடுத் தீவுகளோடு திரும்பிவிடும். விலையைப் பார்ப்பதற்கு முன் பாதையைப் பாருங்கள். அல்பட்ராஸ்தான் ஆசை என்றால் அது முட்டையிடும் எஸ்பானியோலா பாதையில் இருக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை அது அங்கே இராது. கிழக்கு, மேற்கு இரண்டும் ஒரே பயணத்தில் அமையாவிட்டால் மேற்கைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை நீர் குளிர்ந்து மீன் மிகுந்திருக்கும், கடலும் கொஞ்சம் ஆடும். வாந்தி மாத்திரையை மறக்காதீர்கள்.